ஒரு துறை, ஒரு குடும்பம், 150 ஆண்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் 'டிரிங்கோமலி' என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்டது, கட்டியவர்கள் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார் என்று நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். நான்கு வரி போதாது என்று வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தக் குடும்பத்துக்கும் அது நடத்திய கப்பல் கட்டும் துறைக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

*கேள்வி (ஒரு வாசகி, நாகர்கோவில்): வாடியாக்கள் அந்தத் துறையின் முதலாளிகளா, கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளக்காரர்களா? கம்பெனிக்குச் சொந்தமான இடத்தில் நடந்த வேலையைக் குடும்பத் தொழில் என்று எப்படிச் சொல்லலாம்?*

சம்பளக்காரர்கள்தான். நிலம், கப்பலை உள்ளே இழுத்து நீரை வடித்து வேலை செய்யக் கல்லால் கட்டிய உலர்துறைகள், மரம் வாங்கும் பணம், கப்பலுக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆகிய எல்லாமே கம்பெனியினுடையவை. ஆனால் அந்தத் துறையில் தலைமைக் கப்பல் தச்சராக யார் அமர்வது என்பது மட்டும் 1736 முதல் ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஒரே குடும்பத்துக்குள்ளேயே முடிவாகி வந்தது. இடம் கம்பெனியுடையது, வேலை குடும்பத்துடையது என்பதே என் கணிப்பு. ஆட்கள் மாறினாலும், கவர்னர்கள் போய் வந்தாலும், ஒரு தேக்குக் கட்டையைப் பார்த்து "இது வங்குக்கு (கப்பலின் விலா வளைவுக்கு) ஆகும், இது பலகைக்குத்தான் ஆகும்" என்று சொல்லத் தெரிந்த கண் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. கம்பெனிக்கும் அது தெரிந்திருந்தது.

தொடக்கம் சூரத்தில். 'வாடியா' என்பது குஜராத்தியில் கப்பல் கட்டுபவரைக் குறிக்கும் தொழிற்பெயர். பின்னர் அதுவே குடும்பப் பெயராயிற்று. 1735-இல் கம்பெனிக்காக 'குவீன்' என்ற கப்பல் சூரத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அதை மேற்பார்வையிட பம்பாயிலிருந்து வந்த டட்லி என்ற அதிகாரியின் கண்ணில், அங்கே தச்சர்களுக்கு மேஸ்திரியாக இருந்த லவ்ஜி நசர்வான்ஜி பட்டார். பம்பாயில் புதிதாக ஒரு கப்பல் துறை அமைக்க வேண்டும், உடனே புறப்பட்டு வாருங்கள் என்று டட்லி அழைத்தார். கையில் இருக்கும் கப்பலை முடித்து ஒப்படைக்காமல் என் எசமானரை விட்டு வர மாட்டேன் என்று லவ்ஜி மறுத்துவிட்டதாகக் கம்பெனிக் காலத்து வரலாறுகள் பதிவு செய்கின்றன. கப்பல் முடிந்த பிறகே, 1736-இல், ஒரு சிறு தச்சர் குழுவோடு அவர் பம்பாய் வந்து சேர்ந்தார். வந்தவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகள் இரண்டு: துறைக்கு இடம் பார்ப்பது, பிறகு வடக்கே போய் மரம் வியாபாரிகளிடம் பேசி ஒப்பந்தம் போடுவது.

1774-இல் லவ்ஜி இறந்தபோது ஒரு வீட்டையும் சிறு தொகையையும் தவிர வேறு சொத்து வைத்துப் போகவில்லை. அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. தம் பேரன்கள் பிராம்ஜி, ஜம்சேத்ஜி இருவரையும் துறைக்குள் கொண்டுவந்து, மாதம் 12 ரூபாய்க் கூலிக்குச் சாதாரணத் தச்சர்களாக வேலையில் சேர்த்தார். தலைமைத் தச்சரின் பேரன்கள் என்ற சலுகை கிடையாது. வாய்ச்சி பிடித்து, பலகை இழைத்து, மற்றத் தச்சர்களோடு தோள் சேர்ந்து வேலை பார்த்த பிறகே மேலே வர வேண்டும். லவ்ஜியின் மகன்கள் மானெக்ஜி, பொமன்ஜி இருவரும் அடுத்துப் பொறுப்பேற்றனர். அவர்களுக்குப் பிறகு, 1792 வாக்கில், 12 ரூபாய்க் கூலியில் தொடங்கிய அந்தப் பேரன்களின் முறை வந்தது. அவர்களில் இளையவரான ஜம்சேத்ஜி பொமன்ஜிதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் 'டிரிங்கோமலி' கப்பலைக் கட்டியவர்.

*கேள்வி (ஒரு வாசகர், பொள்ளாச்சி): தேக்கு என்றால் அப்படி என்ன சிறப்பு? எங்கள் ஆனைமலைத் தேக்கும் பம்பாய்க்குப் போனதாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையா?*

உண்மைதான். டாப்ஸ்லிப் என்ற பெயரே அந்தக் கதையைச் சொல்கிறது. மேலே வெட்டிய தேக்குக் கட்டைகளை மலைச்சரிவின் உச்சியிலிருந்து சறுக்கிக் கீழே இறக்கிய இடம் அது. 1840-களின் பிற்பகுதியில், அந்தக் காட்டிலிருந்து பம்பாய்த் துறைக்குத் தேக்கு அனுப்புவதற்காகவே கம்பெனி அங்கே தனி அதிகாரியை நியமித்து வேலையை ஒழுங்குபடுத்தியது. ஆனால் அது பிற்காலத்துச் செய்தி. வாடியாக்களின் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மலபார்க் காடுகளின் தேக்கில் உருவானவை. பச்சைத் தேக்கு தண்ணீரில் அமிழும். நன்கு உலர்ந்த பிறகே ஆற்றில் மிதந்து வரும். அப்படி ஆறுகள் வழியே மேற்குக் கரைக்கு வந்த கட்டைகள், அங்கிருந்து கடல்வழியாகப் பம்பாய் போய்ச் சேர்ந்தன.

சிறப்பு என்னவென்றால், முதலில் அதன் எண்ணெய். ஐரோப்பியர் கப்பலுக்குப் பயன்படுத்திய ஓக் மரத்தில் அமிலத்தன்மை உண்டு. அதில் அடித்த இரும்பு ஆணியை அந்த மரமே அரித்துத் தின்றுவிடும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ இரும்பைத் துருவிலிருந்து காக்கும். இரண்டாவது, தேக்கு எளிதில் உளுத்துப்போகாது. உலர்ந்தபின் அதிகம் சுருங்குவதோ முறுக்கிக்கொள்வதோ இல்லை. 1811-இல் வாக்கர் என்ற கம்பெனிப் படை அதிகாரி, பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்கள் 12 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன, தேக்குக் கப்பல்களோ 50 ஆண்டும் அதற்கு மேலும் உழைக்கின்றன என்று கணக்குச் சொன்னார். அவர் சொன்னது குறைவு என்றே நினைக்கிறேன். ஜம்சேத்ஜி 1813-இல் கட்டி முடித்த 'கார்ன்வாலிஸ்', கடலோடிக் களைத்த பிறகும் இங்கிலாந்தின் ஷீர்னஸ் துறைமுகத்தில் தோணித்துறை மேடையாகக் கிடந்து, 1957-இல்தான் உடைக்கப்பட்டது: 144 ஆண்டு. 1815-இல் கட்டிய 'வெல்லெஸ்லி' தானாக அழியவேயில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 செப்டம்பரில், தேம்ஸ் ஆற்றில் நின்றிருந்த அதை ஜெர்மன் விமானக் குண்டு மூழ்கடித்தது. பிரிட்டிஷ் வரிசைப் போர்க்கப்பல் (வரிசையாக நின்று பீரங்கி சுடும் பெரிய பாய்மரக் கப்பல்) ஒன்று விமானத் தாக்குதலில் மூழ்கியது வரலாற்றில் அந்த ஒரு முறைதான்.

பொள்ளாச்சிக்காரரான உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடற்படைக்குத் தேக்கு வேண்டும் என்ற இந்த ஒரே காரணத்துக்காக 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவர் மலபாரில் காடுகளின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். காப்பாளர் என்பது பெயரளவில்தான். தேக்கு முழுவதும் அரசுக்கே உரியது என்று அறிவித்து, காட்டை நம்பியிருந்தவர்களையும் மர வியாபாரிகளையும் அவர் அடியோடு ஒடுக்கினார். முறையீடுகள் பெருகவே, சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். மரம் தொடர்ந்து வெட்டப்பட்டதே தவிர நடப்படவில்லை, காடு மெலிந்தது. 1840-களில் மலபார் கலெக்டர் கானலி, சாத்து மேனன் என்ற அலுவலரின் உழைப்பைக் கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டதற்கு இந்தப் பற்றாக்குறைதான் பின்னணி. பம்பாயின் ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் பின்னால் வெறுமையாகிப்போன ஒரு மலைச்சரிவு இருக்கிறது என்பதை மறந்துவிட்டு அந்தக் கப்பல்களைப் புகழ என்னால் முடியவில்லை.

*கேள்வி (ஒரு வாசகர், தூத்துக்குடி): என் தாத்தா தோணி கட்டிய ஓடாவி. காகிதத்தில் ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் கண்ணளவும் முழக்கயிறும்தான். வாடியாக்கள் வரைபடம் பார்த்துக் கட்டினார்களா, கண்ணளவில் கட்டினார்களா?*

இரண்டுமே அவர்களிடம் சேர்ந்திருந்தன. அவர்களுடைய சிறப்பே அதுதான் என்பேன். சூரத்தின் பழைய தச்சு முறை, உங்கள் தாத்தாவுடையதைப் போலவே கையிலிருந்து கைக்கு வந்தது. கம்பெனிக்கும் பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கும் கட்டத் தொடங்கியபோது, லண்டனிலிருந்து வரும் வரைபடத்தை அங்குலம் பிசகாமல் மரத்தில் இறக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அந்தக் கணக்கையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1804-இல் கம்பெனியின் இயக்குநர்கள் ஜம்சேத்ஜிக்கு அனுப்பிய பரிசு ஒரு வெள்ளி அளவுகோல். பொற்கிழியோ பட்டமோ அனுப்பாமல், ஒரு தச்சனுக்குத் தச்சனின் கருவியையே வெள்ளியில் செய்து அனுப்பியது பொருத்தமாக இருந்தது.

சூரத்துப் பலகைச் சேர்ப்பு முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு இது பழக்கமான சங்கதியாக இருக்கலாம். ஐரோப்பியக் கப்பலில் பலகைகள் பக்கம் பக்கமாக வெறுமனே ஒட்டி நிற்கும். இடையில் உள்ள இடுக்கில் பழைய கயிற்று நாரைத் திணித்து, கீல் ஊற்றி, கலப்பத்து அடிப்பார்கள். கப்பல் அலையில் நெளியும்போது அந்த நார் வெளியே வந்துவிடும்; ஆண்டுக்கு ஆண்டு மறுபடி அடிக்க வேண்டும். சூரத்துத் தச்சரோ பலகையின் விளிம்பைப் படி போலச் செதுக்கி, அடுத்த பலகையில் அதற்கு எதிர்ப்படி வெட்டி, இரண்டுக்கும் நடுவே குங்கிலியப் பசை தடவிப் பஞ்சை மெல்லியதாகப் பரப்பி, ஒன்றுக்குள் ஒன்று இறுகும்படி அடித்து முடுக்குவார்கள். இரு பலகையும் ஒரே மரமோ என்று ஐயுறும்படி இருக்கும் என்று அக்காலத்து ஐரோப்பியப் பயணிகள் வியந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊரில் தோணி கட்டும் மணற்பரப்பில் நின்றிருந்தபோது ஒரு முதிய ஓடாவி, சேர்த்து முடித்த இரண்டு பலகைகளின் மீது என் கையைப் பிடித்துத் தேய்த்துக் காட்டி, "நகம் மாட்டுதா பாருங்க" என்றார். மாட்டவில்லை. சூரத்துச் சேர்ப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நகம்தான் நினைவுக்கு வருகிறது.

வரைபடத்தால் தீராத இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பலுக்கு நேரான மரம் மட்டும் போதாது. ஏரா எனப்படும் அடிமரத்திலிருந்து இரு பக்கமும் விலா எலும்பு போல வளைந்தெழும் வங்குகளுக்கும், அணியம் எனப்படும் முன்பகுதியின் வளைவுக்கும், தளத்தைத் தாங்கும் முழங்கால் போன்ற முட்டுகளுக்கும் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரம் வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழை அறுபட்டு வலுக் குன்றிவிடும். தேக்கோ பெரும்பாலும் நெடுநெடுவென்று நேராக வளரும் சாதி. ஆகவே வளைந்த கிளையும் கோணிய அடிமரமும் கிடைத்தற்கரியவை. காட்டிலிருந்து வந்த குவியலில் எந்தக் கோணலுக்குள் எந்த வங்கு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கண்ணளவு வேலைதான். உங்கள் தாத்தாவும் ஜம்சேத்ஜியும் சந்தித்திருந்தால், மொழி தெரியாவிட்டாலும் ஒரு மரக்குவியலின் முன்னால் நின்று வெகுநேரம் பேசியிருப்பார்கள்.

*கேள்வி (ஒரு வாசகர், திருகோணமலை): எங்கள் ஊரின் பெயரை அந்தக் கப்பலுக்கு ஏன் வைத்தார்கள்? அதன் கதையை முழுமையாகச் சொல்ல முடியுமா?*

1782 செப்டம்பரில் திருகோணமலைக்கு அருகே கடலில் பிரிட்டிஷ் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் மோதின. அந்தப் போரின் நினைவாகவே கப்பலுக்கு உங்கள் ஊரின் பெயர். ஊரார் யாரையும் கேட்டு வைத்த பெயரில்லை. ஆனாலும் தமிழ் மண்ணின் ஒரு துறைமுகப் பெயர் இன்றும் வடகடலோரம் ஒரு கப்பலின் பின்புறத்தில் எழுதப்பட்டு நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அதன் கதை, பிறப்பதற்கு முன்பே தடங்கலில் தொடங்கியது. லண்டனில் தயாரித்த வரைபடங்களைப் பம்பாய்க்கு எடுத்துவந்த 'ஜாவா' என்ற போர்க்கப்பலை, 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' வழிமறித்துத் தாக்கி அழித்தது. வரைபடங்களும் அதோடு போயின. மறுபடி படி எடுத்து, மறுபடி அனுப்பி, 1816-இல்தான் வேலை தொடங்கிற்று. அடிமரத்தை நிறுத்தியபோது ஜம்சேத்ஜி, பார்சி வழக்கப்படி, எழுத்துப் பொறித்த ஒரு வெள்ளி ஆணியை அதில் அறைந்தார். கப்பலுக்கு நலம் வேண்டிச் செய்யும் சடங்கு அது. 'வெள்ளியில் ஒரு அளவுகோல், வெள்ளியில் ஒரு ஆணி' என்று என் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறேன். முதலாவது அவருக்குக் கிடைத்தது, இரண்டாவது அவர் கொடுத்தது.

1817 அக்டோபர் 12-ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. தளத்தின் நீளம் ஏறக்குறைய 150 அடி, கட்டுமானச் செலவு சுமார் 23,000 பவுன். 1819-இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியப் போர்கள் முடிந்துவிட்டிருந்தன. பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு, கால் நூற்றாண்டு சும்மா நிறுத்திவைத்தார்கள். பிறகு பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் செப்பனிட்டு, 1847 முதல் வட அமெரிக்கக் கரையிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலிலும் ஓட்டினார்கள். அதன்பின் பயிற்சிக் கப்பல். 1897-இல் உடைப்புக்குப் போகவிருந்த அதை ஒரு கப்பல் ஆர்வலர் விலைக்கு வாங்கி, 'ஃபூத்ரோயான்' என்று பெயர் மாற்றி, இளைஞர்களுக்குப் பயிற்சி தரப் பயன்படுத்தினார். 1986 வரை அப்படியே. 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தனர். 1990 முதல் 2001 வரை நுணுக்கமாகப் பழுதுபார்த்தனர். நடுவில் 1992-இல் உங்கள் ஊரின் பெயர் திரும்பி வந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இன்று நீரில் மிதப்பவற்றுள் மிகப் பழையது இதுவே. அதன் மரத்தில் பாதிக்கு மேல் ஜம்சேத்ஜி காலத்தில் வைத்த அதே தேக்கு.

அந்த வரைபடங்களை அழித்த 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலும் இன்றுவரை பாஸ்டன் நகரில் மிதக்கிறது. உலகின் இரு கரைகளில் இரண்டும் இன்னும் உயிரோடிருக்கின்றன.

*கேள்வி (ஒரு வாசகர், மதுரை): ஜம்சேத்ஜி தாம் கட்டிய கப்பலுக்குள் ரகசியமாக ஏதோ செதுக்கி வைத்தார் என்பதும், அமெரிக்க தேசிய கீதம் வாடியா கட்டிய கப்பலில் அமர்ந்து எழுதப்பட்டது என்பதும் மெய்யா?*

முதலாவது, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வரும் செவிவழிக் கதை. ஒரு கப்பலின் உள்ளே, யாரும் எளிதில் பார்க்க முடியாத அடிமரத்தின் மேல், 'இந்தக் கப்பலை ஒரு கறுப்பன் கட்டினான்' என்ற பொருளில், வெள்ளையர் தம்மை இழித்துச் சொன்ன அதே வசைச் சொல்லையே சேர்த்து அவர் பொறித்து வைத்தார் என்றும், பல ஆண்டு கழித்துக் கப்பல் பழுதுபார்க்க வந்தபோது அவரே அதைக் காட்டினார் என்றும் சொல்வார்கள். கதையாகவே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மெய்யல்ல. ஜம்சேத்ஜி 1810-இல் கட்டிய 'மிண்டன்' கப்பலில்தான் அந்தப் பாட்டு பிறந்தது என்று நம்மவர்கள் பலர் பெருமையோடு எழுதுகிறார்கள். பாட்டை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ, 1814-இல் பால்டிமோர் கோட்டை மீது குண்டு பொழிந்த இரவில், சமாதானக் கொடியோடு வந்த அமெரிக்கப் படகில்தான் இருந்தார். 'மிண்டன்' கப்பலுக்கு அந்த இரவல் பெருமை தேவையும் இல்லை. 74 பீரங்கிகள் கொண்ட அதுதான் பிரிட்டிஷ் கடற்படைக்காக இந்தியாவில் கட்டப்பட்ட முதல் பெரிய வரிசைப் போர்க்கப்பல்.

*கேள்வி (ஒரு கல்லூரி மாணவி, சென்னை): நம்மை அடிமைப்படுத்தியவர்களுக்குப் போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தவர்கள் வாடியாக்கள். இதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?*

உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதன் கூர்மையை மழுக்காமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

அந்தக் கப்பல்கள் என்ன செய்தன என்பதை மறைக்கக் கூடாது. 1839-இல் கராச்சியைக் கைப்பற்றப் போனது 'வெல்லெஸ்லி'. அடுத்த ஆண்டு அபினிப் போரில் சீனக் கரைக்கு அதுவே போனது. சீனா தலைகுனிந்து ஹாங்காங்கை விட்டுக்கொடுத்த நான்கிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்ட் 29 அன்று 'கார்ன்வாலிஸ்' கப்பலின் அறையில்தான் கையெழுத்தானது. மறுபக்கம், 1827-இல் கிரேக்க விடுதலைக்கு வழிதிறந்த நவாரினோ கடற்போரில் கூட்டுப்படைத் தளபதியின் கொடி பறந்ததும் வாடியா கட்டிய 'ஆசியா' கப்பலில்தான். கத்தி செய்த கொல்லன் அது யார் கைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பதில்லை என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. யாருக்குக் கட்டுகிறோம் என்று வாடியாக்களுக்கு நன்றாகவே தெரியும்; அதனால் அந்தக் குடும்பம் செல்வமும் செல்வாக்கும் பெற்றது.

ஆனால் பெருமைக்கு இடமான ஒன்று, 1802-இல் நடந்தது. கடற்படைக்குப் பம்பாயில் கப்பல் கட்டலாம் என்று லண்டனில் முடிவானபோது, இந்தியத் தச்சனை நம்பி ஒப்படைக்க முடியுமா என்று தயங்கி, இங்கிலாந்திலிருந்து ஒரு கட்டுநரை அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். ஜம்சேத்ஜியின் திறமையைப் பற்றிய செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்த உத்தரவை அவர்களே திரும்பப் பெற்று, அவரே கட்டட்டும் என்றார்கள். இந்தியருக்கு இயந்திரமும் கணக்கும் வராது என்று ஒரு பேரரசு பள்ளிக்கூடங்களில் போதித்துக்கொண்டிருந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அந்தப் பேரரசின் உயிர்நாடியான கடற்படை, சூரத்துத் தச்சன் ஒருவனின் பேரனை நம்பிக் கடலில் இறங்கியது. லண்டன் கப்பல் கட்டுநர்கள் இந்தியக் கப்பல்கள் தங்கள் துறைமுகத்துக்கு வரக் கூடாது என்று கூச்சலிட்டதும் இதே காலத்தில்தான். கப்பல் மட்டமாக இருந்திருந்தால் அந்தக் கூச்சலுக்குத் தேவையே இருந்திருக்காது.

அந்தக் கப்பல்கள் போன இடங்களைப் பற்றி நான் பெருமைப்படவில்லை. அவற்றைச் செய்த கைகளைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். இந்த விடை உங்களுக்குப் போதாது என்றால் மறுபடி எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

*கேள்வி (ஒரு வாசகர், கும்பகோணம்): இவ்வளவு திறமை இருந்தும் அந்தத் தொழில் ஏன் நின்றது?*

நீராவியும் இரும்பும் வந்தன. வாடியாக்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள் என்று எண்ணக் கூடாது. 'ஹியூ லிண்ட்சே' என்ற 411 டன் நீராவிக் கப்பலை அவர்கள் 1829-இலேயே கட்டினார்கள். 1830-இல் அது பம்பாயிலிருந்து சூயஸ் வரை போய்ப் புது வழி காட்டியது. ஜம்சேத்ஜியின் மகன் நவ்ரோஜி தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, குடும்பத்து இளைஞர்கள் ஜஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும் 1838-இல் இங்கிலாந்து சென்று, அங்குள்ள கடற்படைத் துறைகளில் புதிய முறைகளைப் பயின்று திரும்பினர்.

கும்பகோணத்திலிருந்து எழுதும் உங்களுக்கு அர்தசீர் கர்செட்ஜியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதே குடும்பத்தவர். சிறு வயதிலேயே நீராவி இயந்திரத்தில் மனம் பறிகொடுத்தவர். 1834-இல் தம் மாளிகையில் வாயு விளக்கு ஏற்றிப் பம்பாயை வியக்கவைத்தார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர். இரண்டாமவர் 77 ஆண்டுகள் கழித்து, 1918-இல், உங்கள் ஊரில் வளர்ந்த ராமானுஜன். அதே 1841-இல் அர்தசீர், பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளராகி, ஐரோப்பியப் பணியாளர்களுக்கு மேலதிகாரியானார். அதை வயிறெரிந்து எதிர்த்த பத்திரிகைகள் பம்பாயிலேயே உண்டு.

அப்படியும் ஏன் நின்றது? தேக்கைக் கண்டறியும் கண் இரும்புத் தகட்டுக்குப் பயன்படாது. இரும்பும் நிலக்கரியும் இங்கிலாந்தில் மலிவு. கப்பலை அங்கேயே கட்டிவிடலாம். 1848-இல் நீரில் இறங்கிய 'மியானி' இங்கே உருவான பெரிய வரிசைப் போர்க்கப்பல்களில் கடைசி. 1863-இல் கம்பெனி வழிவந்த இந்தியக் கடற்படையே கலைக்கப்பட்டது. புதிய கப்பலுக்கு உத்தரவிட ஆளில்லை, பழுதுபார்ப்பு மட்டும் மிஞ்சியது. கடைசித் தலைமைத் தச்சர் ஜம்சேத்ஜி துன்ஜிபாய் 1880-களின் நடுவில் ஓய்வுபெற்றபின் அந்த இடத்தில் வாடியா யாரும் அமரவில்லை. அதற்குள் குடும்பத்தின் மற்றக் கிளைகள் பஞ்சுக்கும் நூலுக்கும் மாறிவிட்டிருந்தன. 1879-இல் தொடங்கிய பாம்பே டையிங் அவர்களுடையதே.

*கேள்வி (ஒரு வாசகி, மும்பை மாதுங்கா): நாற்பது ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறேன். வாடியாக்களின் துறையை நேரில் பார்க்க முடியுமா?*

உள்ளே போய்ப் பார்ப்பது கடினம், அம்மா. அது இன்று இந்தியக் கடற்படையின் தளம். கோட்டைப் பகுதியில் லயன் கேட் என்று சொல்லப்படும் வாயிலுக்குள் இருக்கிறது. ஆனால் அழிந்துவிடவில்லை. 1750-இல் முதலாவதையும், 1762-இல் இரண்டாவதையும், 1765-இல் மூன்றாவதையும் என்று ஒன்றன்பின் ஒன்றாக லவ்ஜி காலத்தில் எழுந்த பழைய உலர்துறைகளும், 'கார்ன்வாலிஸ்' போன்ற பெருங்கப்பல்களுக்காக 1810 வாக்கில் முடித்த டங்கன் துறையும் அங்கே இருக்கின்றன.

அவை வேலை செய்யும் முறையை வெளியிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளில் அப்போலோ பந்தர் பக்கம் போய், கடல் சுவரில் ஈரம் ஏறிய கோட்டைக் கவனியுங்கள். ஏற்றத்தில் அலை தொட்ட இடத்துக்கும் சுமார் ஆறு மணி நேரம் கழித்து அது இறங்கிய இடத்துக்கும் ஏறக்குறைய 15 அடி வித்தியாசம் இருக்கும். நம் சோழமண்டலக் கரையில் இந்த ஏற்றவற்றம் இரண்டு மூன்று அடிதான். அந்த 15 அடி வற்றத்தை நம்பித்தான் லவ்ஜி காலத்தில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது: ஏற்றத்தில் கப்பலை உள்ளே இழுத்து, வாயிலை அடைத்து, வற்றத்தில் நீரை வடியவிட்டால், அடிமரம்வரை காய்ந்து நிற்கும் கப்பலைச் சுற்றித் தச்சர்கள் ஏணி போட்டு வேலையைத் தொடங்கலாம். கடற்படை அதே டங்கன் துறையில் இன்றும் கப்பல்களை ஏற்றிப் பழுதுபார்க்கிறது.